சரியா என்று கேட்கும் மகளுக்கு

மகள் ஜரினாவுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டிய கடிதம் இல்லை இது. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். டியூஷன் பிள்ளைகளின் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாய். இன்று எனக்குக் கடை விடுமுறை. உங்கம்மா படுத்திருக்கிறாள். எழுந்து வந்தால் உன்னிடமே பேசிவிடலாம். வந்தும் பார்த்தேன். நிலைப்படியில் வந்து நின்றதும் நீ தலை நிமிர்ந்து, முடிவு பண்ணிவிட்டீர்களா அத்தா என்று கேட்டாய். தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நேரில் சொல்ல வராததை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ராயப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பதில் கேட்க வருகிறார்கள். பையன் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். லீவில் வந்திருக்கிறான். லீவு முடிவதற்குள் நிக்காஹ், பிறகு அவன் போய் விசா எடுத்து உன்னை அழைத்துக்கொள்வான் என்கிறார்கள். போட்டோவை உன்னிடம் கொடுத்தபோது நீ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "எது சரியா இருக்கும்னு நீங்களே சொல்லிடுங்கத்தா. நீங்க சொன்னா சரி" என்றாய். உங்கம்மாவுக்கு ஒரே பெருமை. இந்தக் காலத்தில் எந்தப் பெண் இப்படிச் சொல்லுவாள் என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அடக்கமான பெண் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதை நான் கணக்குப் பாடத்தில் பார்த்தவன்.

சின்ன வயதில் நீ இப்படி இல்லை. உனக்கு நினைவிருக்காது. லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போகிற வண்டியை எல்லாம் எண்ணுவாய். ஒரு நாள், எண்ணிக்கொண்டே போனால் கடைசி நம்பர் எது என்று கேட்டாய். கோடி என்று சொல்லிவைத்தேன். அதோடு ஒன்று சேர்த்தால் என்ன என்றாய். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வருகிற வரைக்கும் நீ விடவில்லை. கடைசி நம்பர் இருக்க முடியாது, யார் என்ன சொன்னாலும் நான் ஒன்று சேர்த்துவிடுவேன் என்று உங்கம்மாவிடம் சண்டை போட்டாய். அந்தப் பெண் எப்போது நின்றுபோனாள் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். ஒரே நாளில் நடந்திருக்காது. வகுப்பு ஏற ஏற, கேட்கிறவளாக இருந்த நீ எழுதிக்கொள்கிறவளாக ஆகிவிட்டாய். மார்க்கும் ஏறிக்கொண்டே போனதால், ஏதோ ஒன்று குறைந்துகொண்டு வருகிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பத்தாம் வகுப்புக்கு வந்ததும் மாட வீதியில் வைத்தியநாதன் சார் டியூஷனில் சேர்த்தேன். விடியற்காலையில் அந்த வீட்டு மாடிப்படியில் செருப்பு வைக்க இடம் இருக்காது. சென்டம் வாங்க வேண்டும் என்றால் அவரிடம்தான் போக வேண்டும் என்று மயிலாப்பூர் முழுக்கப் பேச்சு. கெட்ட மனிதர் இல்லை அவர். நீ ஜுரத்தில் கிடந்தபோது சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனவர். பாடத்தில் வரும் கணக்குகளை எல்லாம் போட்டு, விடையோடு பிரஸ்ஸில் அடித்து, நோட்ஸ் என்று கையில் கொடுத்துவிடுவார். அதை வரி பிசகாமல் எழுத வேண்டும். சேர்க்கும்போதே என்னிடம் சொன்னார்: "நான் குடுத்ததை அப்படியே எழுதினா நூறு. சொந்தமா மூளையக் காட்டினா தொண்ணூறு. எது வேணும்னு உங்க பொண்ணைக் கேட்டுக்கோங்கோ." நூறு என்று நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். உன்னோடு அமுதாவும் சேர்ந்தாள். நம் சந்தின் கோடி வீடு. அவள் அப்பா கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோ லைட்மேன். மகள் பேச்சில் அப்பாவை உரித்து வைத்தவள்.

அந்தக் கூம்புக் கணக்கை நீ மறந்திருக்க மாட்டாய். ஆரம் ஏழு, உயரம் பன்னிரண்டு, கன அளவு என்ன என்பது கேள்வி. நீ போட்டால் 616 வந்தது. சார் நோட்ஸில் 661 என்று அடித்திருந்தது. நான் கடையிலிருந்து வரும்போது நீ தரையில் கவிழ்ந்து படுத்து அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாய். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் கிழிந்தே போயிருந்தது. என்ன என்று கேட்டேன். எங்கேயோ தப்பு பண்ணுகிறேன், விடை வரமாட்டேன் என்கிறது என்றாய். அமுதா வந்து எட்டிப் பார்த்தாள். "எத்தினி தபா போட்டாலும் 616தான் வருது மாமா. நோட்ஸ்ல தப்பா அடிச்சிட்டாங்கோ" என்றாள். நீ அவளை முறைத்தாய். பிறகு என்னைப் பார்த்து, நோட்ஸ் தப்பாக இருக்குமா அத்தா என்று கேட்டாய்.

எட்டாவதோடு நின்றவன் நான். கூம்பு என்றால் எனக்கு ஐஸ்கிரீம்தான் தெரியும். தெரியவில்லையே அம்மா என்றேன். நீ மறுபடியும் அழிக்க ஆரம்பித்தாய். நடுவில் ஏதோ ஒரு எண்ணை மாற்றி, எப்படியோ 661 கொண்டுவந்து, கீழே இரண்டு கோடு போட்டுவிட்டுத்தான் சாப்பிட வந்தாய். மறுநாள் அமுதா வகுப்பில் எழுந்து நோட்ஸில் தப்பு என்று சொன்னாளாம். ஹால் நிறைய பிள்ளைகள். அச்சில் பிழை இருந்தால் எனக்குத் தெரியாதா என்று சார் கேட்டாராம். அவள் உட்காராமல், ஒரு தடவை போர்டில் போட்டுப் பாருங்கள் சார் என்றாளாம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். இதை எல்லாம் நீதான் வந்து சொன்னாய். அவள் பேசியது தப்புதானே அத்தா என்று கேட்டாய். சாப்பிடலாம் வா என்று பேச்சை மாற்றினேன்.

பிறகு ஒரு மாலை நீ அந்தப் பக்கத்தை எடுத்து 661-ஐ அடித்து 616 என்று எழுதிக்கொண்டிருந்தாய். புது பேட்சுக்கு வந்த நோட்ஸில் திருத்தி அடித்திருக்கிறார்கள் போல. அப்படியானால் அமுதா சொன்னதுதான் சரி என்றேன். "அப்ப 661, சார் மாத்திட்டாரு. இப்ப 616" என்று நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாய். நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன், ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அப்படியே நின்றேன். அந்தக் கூம்பு அதே கூம்புதானே, அதில் பிடிக்கிற தண்ணீர் சார் சொன்னால் கூடுமா, குறையுமா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் படிக்காதவன் என்ன கேட்பது. அந்த வருஷம் நீ சென்டம் வாங்கினாய். சார் இனிப்போடு வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட வாசல் பலகையில் உன் பெயரை எழுதினார்கள். பள்ளிவாசலில் முன்பின் தெரியாதவர்கள்கூட என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அமுதாவுக்கு எண்பதுக்குப் பக்கத்தில் வந்தது. அவள் அம்மா உன்னைக் காட்டி அவளைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

பிளஸ் டூவிலும் சார் நோட்ஸ், மறுபடியும் சென்டம். மெட்ராஸ் சென்னையான வருஷம் நீ அடையார் பக்கத்துப் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கில் சேர்ந்தாய். அமுதாவும் அதே வகுப்பில் இடம் வாங்கிவிட்டாள். முதல் மாதமே உன் சாப்பாடு குறைந்தது. பாடம் இங்கிலீஷில் இருப்பதால் என்று உங்கம்மா சொன்னாள். அமுதாவும் உன்னைப் போலத் தமிழில் படித்து வந்தவள்தானே என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவள் வந்து, மேடம் போர்டில் ஒரு சூத்திரம் எழுதிப் போட்டார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எந்த எண்ணை வைத்துப் பார்த்தாலும் ஒத்துவருகிறது, எப்போதும் ஒத்துவருமா, வராதா, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் மாமா என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து கேன்டீனில் சண்டையாம். மறுநாளும் மேடம் விடை சொல்லவில்லையாம். அவளுக்கு அது திருவிழா மாதிரி இருந்திருக்கிறது. நீ அன்றைக்கு ஜுரம் என்று படுத்திருந்தாய். உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், உண்மையாகவே சுட்டது. மேடம் விடை சொல்லிவிட்டார்களா என்று மட்டும் அவளிடம் கேட்டாய். இல்லை என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு பகுதி உனக்குத் தெரியாது. இதுவரைக்கும் நான் சொன்னதில்லை. உஸ்மான் ரோட்டில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் கல்யாண சீசன் கூட்டம். பட்டுச் சேலைப் பிரிவில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மா தங்கச்சி கல்யாணத்துக்கு எடுக்க வந்திருந்தார்கள். பேச்சுக் கொடுத்ததில் உன் கல்லூரியில் கணக்கு வாத்தியார் என்று தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள்கூட உங்களிடம்தான் படிக்கிறாள் என்று சொல்லி உன் பெயரைச் சொன்னேன். சென்டம் வாங்கியதையும் சொன்னேன். அந்த அம்மாவின் கை சேலை மேலேயே நின்றுவிட்டது. "ஜரினா காலேஜுக்கே வர்றதில்லையே. பரீட்சைக்கும் வரல. உடம்பு முடியலைன்னு நெனச்சோம். வீட்ல உங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள்.

ஒவ்வொரு காலையும் நீ டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மாலையில் களைத்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். இன்னொரு சேலையை எடுத்து விரித்தேன். அரக்குச் சிவப்பு வேண்டாம் என்றால் மாம்பழக் கலர் இருக்கிறது என்றேன். அதை விரித்துவிட்டு இன்னொன்று. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார், பின்னால் கூட்டம் நெருக்குகிறது, என் கை பாட்டுக்கு விரித்துக்கொண்டே போகிறது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேலே கிடந்த சேலையை என்ன ஏது என்று பார்க்காமலே எடுத்துக்கொண்டார்கள். போகும்போது, நல்ல பொண்ணுங்க, ஆனா எதுவுமே கேட்க மாட்டா, எதுவுமே சொல்லவும் மாட்டா, நாங்க சொல்றதுக்காகக் காத்துக்கிட்டே இருப்பா என்றார்கள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கம்மாவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போகிறவன் போலக் கிளம்பி, நீ ஏறிய பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினேன். கல்லூரி நிறுத்தம் வந்தது. மற்ற பெண்கள் இறங்கினார்கள். நீ இறங்கவில்லை. பெசன்ட் நகரில் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கடற்கரையில் ஒரு கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் போய் உட்கார்ந்தாய். நான் பக்கத்தில் வரும்வரை நீ கவனிக்கவில்லை. மடியில் தாள் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். எட்டிப் பார்த்தேன். எனக்கே அடையாளம் தெரிந்தது. கூம்பு, உருளை, வட்டம். பத்தாம் வகுப்புக் கணக்குகள். எல்லாவற்றுக்கும் நீயே டிக் போட்டு வைத்திருந்தாய்.

என்னைப் பார்த்து நீ பதறவில்லை. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உட்காருங்கத்தா என்றாய். பிறகு நீயே சொன்னாய்: "அங்க யாரும் எதையும் சொல்லித்தர மாட்டாங்கத்தா. கேள்வியை எழுதிட்டு நீ என்ன நெனைக்கறேன்னு கேக்கறாங்க. கணக்குல நெனைக்கறதுக்கு என்னத்தா இருக்கு? தெரிஞ்சா தெரியும், தெரியலன்னா தெரியாது. தெரிஞ்சவங்கதானே சொல்லணும்?" என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கஷ்டமானது அதுதான். நான் படித்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். இல்லை, படித்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ. உன் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். வெயில் ஏறியதும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.

நான் சும்மா இருந்துவிடவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். வைத்தியநாதன் சாரிடம் போனேன். உன் பெயரைச் சொன்னதுமே முகம் மலர்ந்தவர், விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். காலேஜ் கணக்குக்கு என்னிடம் நோட்ஸ் கிடையாதே என்றார். பிறகு தானும் அந்த வயதில் அப்படித்தான் தவித்ததாகவும், யாரோ கொடுத்த பழைய கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்து தேறியதாகவும், அன்றையிலிருந்து பிள்ளைகளுக்கு அந்தத் தவிப்பு வரக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுப்பதாகவும் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரும் என்னைப் போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

அமுதா தினமும் வந்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தில் உன்னை உட்காரவைத்து மல்லாடினாள். நான் ஒரு மாலை மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "தப்பாவே எழுதேன்டி, இன்னா ஆயிடும் இப்போ? எழுதினாத்தானே எங்க ஒதைக்குதுன்னு தெரியும்" என்றாள். "தப்பாயிருந்தா எப்படிடி எழுதறது?" என்று நீ கேட்டாய். உன் குரலில் அடம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாய். இருட்டும்வரை பேனா தாளைத் தொடவில்லை. அவளுக்கு எண்பது, உனக்கு நூறு. ஆனால் அவளுக்குக் கணக்கு என்பது போட்டுப் பார்க்கிற ஒரு விஷயம், உனக்கோ யாரோ முன்பே போட்டு வைத்துவிட்ட ஒன்று. இது எனக்கு அந்த மாடிப்படியில்தான் பிடிபட்டது. பிடிபட்டு என்ன செய்ய. தெரிந்துகொள்வது வேறு, மகளுக்கு எடுத்து ஊட்டுவது வேறு. ஒருவர் மனதில் ஆழமாக ஊறிப்போனதை இன்னொருவர் வெளியே எடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வருஷத்தோடு நீ கல்லூரியை விட்டாய். அமுதா இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறாள்.

நீ டியூஷன் ஆரம்பித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். வீட்டில் மறுபடியும் உன் குரல் கேட்டது. பிள்ளைகள் உன்னிடம் உயிராக இருக்கிறார்கள். அவர்கள் நல்ல மார்க் வாங்குகிறார்கள், அம்மாக்கள் வந்து உங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு சின்னப் பெண், மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் மிஸ் பிளஸ் என்று கேட்டது இந்த அறை வரை என் காதில் விழுந்தது. அது அப்படித்தான், எழுதிக்கோ, மார்க் போகாது என்று அன்பாகத்தான் சொன்னாய். அந்தப் பெண் எழுதிக்கொண்டது. நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்க் கச்சேரி ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. வழியில் யாரையாவது நிறுத்திக் கேட்டிருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

இப்போது இந்தச் சம்பந்தம். ராயப்பேட்டையில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டேன். பையன் தொழுகையாளி, கெட்ட பழக்கம் இல்லை, அம்மாவிடம் மரியாதையாக இருக்கிறான் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஆனால் ஊர் பேர் தெரியாத இடத்தில், நாள் முழுக்கத் தனியாக ஒரு பிளாட்டில், உனக்குச் சந்தோஷமாக இருக்குமா என்று எந்த விசாரிப்பில் தெரியும்? அதை நான் சரி, தப்பு என்று எப்படிச் சொல்ல? நேற்று உங்கம்மாவிடம், நம் கல்யாணத்தின்போது உன்னைக் கேட்டார்களா என்று கேட்டேன். கேட்டார்கள், தலையாட்டினேன் என்றாள். ஏன் ஆட்டினாய் என்றேன். "வேற என்ன பண்ணலாம்னு யாரும் சொல்லலையே" என்றாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு இது டியூஷனில் மட்டும் வந்தது என்று இனி நான் சொல்ல மாட்டேன். நம் வீட்டுச் சோற்றிலேயே கலந்திருக்கிறது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல முடிகிறது. நிக்காஹ் அன்றைக்கு, பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுச் சபையில் சொல்கிற வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண்கள் இருக்கும் அறைக்கு வந்து, சம்மதமா என்று உன்னிடம்தான் கேட்பார்கள். என்னிடம் கேட்க மாட்டார்கள். நம் மார்க்கம் அந்தக் கேள்வியை உனக்கென்று வைத்திருக்கிறது. அதற்கு நான் விடை எழுதிக் கொடுத்தால், நீ அதையும் பிசகாமல் சொல்லிவிடுவாய். அந்தப் பயத்தில்தான் இரண்டு நாளாக உன் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். போட்டோவைப் பார். அவனோடு பேச வேண்டும் என்றால் சொல், உங்கம்மாவை வைத்துக்கொண்டு பேச ஏற்பாடு செய்கிறேன். அவகாசம் வேண்டும் என்றால் கேள். வேண்டாம் என்றால் அவர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும். எழுதி, பிடிக்கவில்லை என்றால் அழித்து எழுது. தாள் கிழிந்தால் கிழியட்டும்.

இவ்வளவு எழுதி முடித்தபோது நீ டீ கொண்டு வந்தாய். கையால் தாளை மறைத்துக்கொண்டேன். யாருக்கு லெட்டர் என்று கேட்டாய். தெரிந்தவர்களுக்கு என்றேன். வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போகிறீர்கள் என்றாய். எழுத்தில் ஒளிந்துகொண்டிருந்தது போதும் என்று தோன்றியது. பேனாவை மூடி வைத்தேன்.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லம்மா. நீதான் சொல்லப் போறே. வேணும்னு சொன்னாலும், வேணாம்னு சொன்னாலும், அப்புறம் தப்பாப் போச்சுன்னு வந்து நின்னாலும் இந்த வீடு இருக்கு."

நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். உன் உதடு ஏதோ சொல்ல வருவது போல அசைந்தது. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பிள்ளைகள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "சரித்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். வேண்டும் என்பதற்குச் சரியா, வேண்டாம் என்பதற்குச் சரியா, இல்லை நான் சொன்னேன் என்பதற்காகச் சரியா என்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். என்ன பதில் சொல்லட்டும் அத்தா என்று நீ திருப்பிக் கேட்டுவிடுவாயோ என்று பயந்து, கேட்கவில்லை.

உன் அத்தா